ஏழாவது தகடு

தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு, பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. எக்ஸ்ரேகாரர் சேர்த்தது கணுக்கால்கள்.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக ஊரார் எலும்பைப் படம் பிடிப்பவர் அவர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய ஓவியக் கடையில், காலைத் தூக்கிக் கட்டைமேல் வைத்திருந்த பாலே நடனக்காரி ஒருத்தியைப் பார்த்துவிட்டு, மழை விட்ட பிறகும் நின்றுகொண்டே இருந்தார். பிரெஞ்சு ஓவியர் ஒருவர் செய்த எட்சிங் அது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்கி, அரித்த பள்ளத்தில் மை அடைத்து, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுப்பது. தகட்டுக்கு எழுபத்தைந்து பிரதிதான். அப்புறம் அவரே தகட்டின் குறுக்கே கீறிப் பாழாக்கிவிடுவாராம்.

அந்தக் கணுக்காலில் மொத்தம் நாலு கோடு. நாலே நாலு! அதற்குள் எலும்பு இருந்தது, இழுபட்ட நரம்பு இருந்தது, மணிக்கணக்கில் நின்ற வலியும் இருந்தது. "அவ்ளோ பெரிய மெஷினை வச்சுக்கிட்டு நான் எடுக்கிறதை, இந்த மனுஷன் ஒரு ஊசியை வச்சு எடுத்துட்டாரே!" என்று கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்த ஓவியரின் நடனக்காரி வரிசையில் மொத்தம் பத்துத் தகடு. பதினோரு வருஷத்தில் ஒன்பதின் பிரதிகள் அவர் வீட்டுக்கு வந்துவிட்டன. "ஏன் அத்தான், ஆஸ்பத்திரியில நாள் பூரா காலைப் பாக்குறது போதாதா? சுவத்துலயும் மாட்டணுமா?" என்று மச்சினன் வாரும்போதெல்லாம், அவனை இழுத்துப்போய் ஒவ்வொன்றாக விளக்கி, அன்றைக்கு வாய் திறக்காதபடி செய்துவிடுவார்.

அவர் கணக்குப்படி பத்தும் ஒரே பெண்ணின் கதை. ஆறாவதில் அவள் இடது கணுக்கால் வீங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எட்டாவதில் மேடையில் பறக்கிறாள். நடுவில் ஏழாவதைத்தான் அவர் பார்த்ததே இல்லை. அமிலம் அளவு மீறி அரித்ததால் ஐந்தே பிரதியோடு நின்றுபோன தகடு அது, எந்தப் புத்தகத்திலும் படம் கிடையாது. எட்டாவதில் கணுக்காலின் அமைப்பு சற்று வேறாக இருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. முறிந்து கூடிய எலும்பு வடிவம் மாறத்தான் செய்யும் என்று, தொழில் தெரிந்த மனுஷராகத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவர் மனைவி தபால்காரி. இரண்டு வருஷத்துக்கு முன் ஈரப் படிக்கட்டில் வழுக்கி, அதே இடது கணுக்கால் நொறுங்கி, மூன்று ஸ்க்ரூ போட்டார்கள். இனி தெருத் தெருவாக நடக்க முடியாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எக்ஸ்ரேகாரர் ஆறாவதையும் எட்டாவதையும் கழற்றிவந்து அந்தச் சுவரிலேயே மாட்டினார். "பாரும்மா. இவளுக்கும் இதே கால், இதே இடம். இங்க பாரு, எப்படிப் பறக்குறா!" தினமும் காலையில் அவள் பாதத்தை மடக்கி நீட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். எட்டு மாதத்தில் அவள் மறுபடி தபால் பையைத் தோளில் மாட்டினாள். குளிர் நாளில் கால் மக்கர் பண்ணி அவள் சோர்ந்துபோனால், இன்றைக்கும் மருந்து அந்த எட்டாவது படம்தான்.

நாடக உடை தைக்கும் ஒரு அம்மாவிடம் ஏழாவது இருக்கிறது என்று ஓவியக் கடைக்காரர் சொன்னார். தரமாட்டாராம், பார்க்க வரலாமாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பிப் போனார்கள். துணிச் சுருள்களுக்கு நடுவே ஒரு தட்டையான இழுப்பறையைத் திறந்து, மேலிருந்த மெல்லிய தாளைத் தையற்கார அம்மா விலக்கினார்.

படத்தில் இரண்டு பெண்கள். ஆறாவதில் இருந்தவள் நாற்காலியில், வீங்கிய காலை நீட்டியபடி. இன்னொருத்தி மண்டியிட்டு அந்தக் காலில் துணி சுற்றுகிறாள். மண்டியிட்டவளின் கணுக்காலைப் பார்த்ததுமே எக்ஸ்ரேகாரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டாவதில் பறக்கும் கால் அது! நாற்காலிக்காரியின் எலும்பு விலகியிருந்த விதமும் அவருக்குப் புரிந்தது. அந்தக் கால் மேடை ஏறியிருக்காது.

இரண்டு வருஷமாக மனைவிக்குப் பொய்யையல்லவா ஊட்டியிருக்கிறோம்! இது தெரிந்தால் அவள் நாளைக்கு எதைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்?

"சரிம்மா, பாத்தாச்சு. கிளம்பலாமா?" என்றார்.

"இருங்க, வந்த காலோடயே போகணுமா?" அவள் குனிந்து நிதானமாகப் பார்த்தாள். "ஓ, எட்டுல ஆடுறது இவதானா!"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"வேற ஆளுன்னு எனக்கு அப்பவே தெரியும்ங்க. மூக்கு வேற, மோவாய் வேற. மாசக்கணக்கா எதிர்லயே மாட்டி வச்சிருந்தீங்களே, அதைப் பாக்குறதை விட்டா எனக்கு வேற என்ன வேலை? நீங்கதான் கணுக்காலைத் தாண்டி மேல போகவே மாட்டீங்களே!"

தையற்கார அம்மா சிரித்துவிட்டார். எக்ஸ்ரேகாரருக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? வலியோட தினமும் எதுக்கு அந்தப் பாடுபட்ட?"

"பல்லுகூட விளக்காம வந்து பக்கத்துல உக்காந்து எண்ணுவீங்க. அந்த ஆசையைப் பாத்துட்டு, போங்க, இவ வேறன்னு எப்படிங்க சொல்றது? நான் ஒண்ணும் அவளை நம்பி நடக்கல."

அவர் இழுப்பறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவர் கையைத் தொட்டு, மண்டியிட்டவளின் முகத்தைக் காட்டினாள். துணியைச் சுற்றிக்கொண்டே அவள் நிமிர்ந்து மற்றவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இனி சரியாகாது என்று தெரிந்தும் அதை மறைக்கிற சிரிப்பு. ஊசியால் இதையும்கூடப் பிடிக்க முடியுமா என்று அவர் அசந்து நின்றார்.

"இந்த முகம் எனக்குப் புதுசில்ல," என்றாள் மனைவி. "என் எக்ஸ்ரேயைப் பாத்துட்டு வெளிய வந்து, ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்னு சொன்னீங்களே, அன்னிக்கு நீங்க இப்படித்தான் இருந்தீங்க."