உள்ளே ஒன்றுதான் இருந்தது

கழுத்துப் பொத்தான் மாட்ட வரவில்லை. லாரி இஞ்சின் பிரித்துப் பிரித்தே தடித்துப்போன விரல்கள் மெக்கானிக்குக்கு. மச்சினனின் கழுத்தோ விறைத்துக் கிடந்தது.

"விடுங்க பெரியவரே, துணியால மூடிடலாம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மெக்கானிக் விடவில்லை. நாலாம் தடவை மாட்டினார். இந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. நேற்றுக் காலை கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். அக்காவைவிட எட்டு வயது இளையவன். கல்யாணம் கட்டாதவன். சட்டை போட்டுவிட அத்தானை விட்டால் வேறு ஆள் இல்லை.

மெக்கானிக் எந்தக் கடைக்காரனையும் நம்புகிறவர் இல்லை. மச்சினன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்ததால் அவனையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருந்தார். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றபோது அவன்தான் உட்கார வைத்து விவரம் சொன்னான்.

"அத்தான், அக்காவுக்கு வெளியூர்ல இருக்கிற பொண்ணு முகத்தைப் பாத்துப் பேசணும். உங்களுக்குப் பழைய பாட்டு கேக்கணும். அதுக்கு எட்டு கோர் பிராசசர் எதுக்கு? டூயல் கோர் தாராளம். அதுல மிஞ்சுற காசுக்கு மெமரியைக் கூட்டி, டிஸ்க்கை நல்லதா போடறேன். பத்து வருஷம் அசையாது."

"டூயல்னா?"

"ரெண்டு."

வாங்கி வந்த வாரமே, மனைவி வெளியே போன நேரம் பார்த்து, அவர் பெட்டியைத் திறந்தார். விசிறியைக் கழற்றினார். அதன் கீழிருந்த அலுமினியக் கட்டையையும் கழற்றினார். அடியில் தபால்தலை அகலத்துக்கு ஒரு சிப். ஒன்றே ஒன்று. டார்ச் அடித்து மூலைமுடுக்கெல்லாம் தேடினார். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு இருக்கும், கைவைத்துப் பார்க்கலாம். இன்னொன்று எங்கே? சிப்பின் மேல் சாம்பல் நிறத்தில் பசை அப்பியிருந்தது. அழுக்கு என்று நினைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூடினார்.

மச்சினனிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது போட்டு உடைத்தார்.

"என் மச்சினன் சமத்தைப் பாருங்கப்பா. ரெண்டுன்னு சொல்லி ஒண்ணை வச்சுக் குடுத்துட்டான். அக்கா தலையிலயே மிளகாய் அரைச்சுட்டான்."

பந்தி சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். "அத்தான், அது ஒரே சிப்புக்குள்ளயே..."

"யாருகிட்ட கதை விடறே? நாப்பது வருஷம் இஞ்சின் பிரிச்சவன்டா நான். கழட்டிப் பாத்துட்டுத்தான் பேசறேன்."

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான். பிறகு அவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. உறவுக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். மனைவியும் தம்பிக்குப் போன் செய்வதை விட்டாள். புருஷன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், பொய்யா சொல்வார்?

மூன்று மாதம் முன்பு மெஷின் சூடாகிச் சூடாகி அணைந்தது. வேறொரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ரிப்பேர் பார்க்கும் அம்மாள் திறந்ததும் முகம் சுளித்தாள்.

"யாருங்க இதைத் துடைச்சது? இந்தப் பேஸ்ட் இருந்தாத்தான் சூடு இறங்கும். இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு."

அவர் பேச்சை மாற்றினார். "இது டூயல் கோர்னு குடுத்தாங்க. ஒண்ணுதானே இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு கோரும் இந்த ஒண்ணுக்குள்ளதாங்க இருக்கு. தனித்தனியா கண்ணுக்குத் தெரியாது." அவள் மெஷினை ஓடவிட்டுத் திரையில் காட்டினாள். "வீட்டு வேலைக்கு இதைவிட வேற வேண்டாம். விவரம் தெரிஞ்சவங்கதான் பாத்து வாங்கியிருக்காங்க."

மறுவாரம் பஸ் ஏறி மச்சினன் கடைக்கு எதிரே போய் நின்றார். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எதிலிருந்தோ தூசியை ஊதிக்கொண்டிருந்தான். கடையில் வேறு ஆள் இல்லை. ரோட்டைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். மனைவி கேட்டதற்கு, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போனேன் என்றார்.

சட்டை போட்ட உடம்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மனைவி தம்பியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போடா. நீ என் தம்பிடா. அக்கா மன்னிச்சுட்டேன்டா. எந்திரிடா."

"போனவனைப் பத்தி இப்ப எதுக்குடி அந்தப் பேச்சு?" என்றாள் அவளுடைய சித்தி. "ஏதோ சபலம். மனுஷன்தானே."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார்கள்.

"அவன் ஏமாத்தல" என்றார் மெக்கானிக்.

யாரும் காதில் வாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகச் சொன்னார். "அவன் ஏமாத்தல. ரெண்டும் அந்த ஒண்ணுக்குள்ளயே இருக்கு. அவன் சரியாத்தான் குடுத்தான். நான்தான் தெரியாம உளறினேன்."

அழுகை நின்றது. சித்திதான் முதலில் பேசினாள். "தெரியாமச் சொன்னது தானே மாப்பிள்ளை. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

மனைவி மட்டும் திரும்பிப் பார்த்தாள். "எப்பத் தெரிஞ்சுது?"

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? அவர் தன் விரல்களைப் பார்த்தார்.

"மூணு மாசமாச்சு."

அவள் தம்பி பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அழவில்லை.

மின்மயானத்துக்குப் புறப்பட்டபோது முதல் வண்டியில் அவள் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. மெக்கானிக் படியில் கால் வைத்தார். அவள் மடியிலிருந்த பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

அவர் இறங்கிப் பின்னால் நின்ற வேனில் ஏறினார். அதுவரை தெருவிலேயே நின்றிருந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஒருவரையும் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

வேன் கிளம்பியது.

"அவர்கிட்ட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன்."

"அட, நானும்தாங்க. நல்லா ஓடுதா?"

முன்வண்டியின் பின்கண்ணாடியில் மனைவியின் தலை தெரிந்தது. அது திரும்பவில்லை.

"ஓடுது" என்றார்.