பேர் வெட்டிய அண்டா

மங்கையர்க்கரசி வாங்கிய அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அவளுடைய மூதாதை நேரில் வர வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எல்லாக் கடையிலும் அப்படித்தான். எந்த மாடி என்று மட்டும் கேட்டாள்.

"மூணாவது மாடி, அக்கா. பட்டுச் சேலைக்கு மேல, சூட்கேஸுக்குக் கீழ," என்றாள் விற்பனைப் பெண்.

நடந்தது இதுதான். ஆடித் தள்ளுபடியில் ஒரு குழம்புக் கரண்டி வாங்கத்தான் மங்கையர்க்கரசி போனாள். பாத்திரப் பிரிவில் ஓர் எவர்சில்வர் அண்டா பளபளவென்று நின்றது. கை தானாக நீண்டது. அண்டா வீட்டுக்கு வந்துவிட்டது. கரண்டி வரவில்லை.

கூடத்தில் வைத்தார்கள். விடிந்து பார்த்தால் கொஞ்சம் பெருத்திருந்தது. எவர்சில்வர் வளராது என்று அவள் கணவர் சோமசுந்தரம் அடித்துச் சொன்னார். சொல்லிவிட்டு, சுவரோடு ஒட்டி ஒருக்களித்து நகர்ந்து ஆபீசுக்குப் போனார். ஆவணி பிறந்தபோது அண்டா கூடத்தை முழுசாக அடைத்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் நித்திலா உள்ளறையில் மாட்டிக்கொண்டாள்.

மங்கையர்க்கரசி முக்காலியில் ஏறி, அண்டாவுக்கு மேலே இட்லியை வீசுவாள். நித்திலா அந்தப் பக்கம் பிடித்துக்கொள்வாள். சாம்பார்தான் கஷ்டம். ராத்திரியெல்லாம் பிள்ளை அண்டாவைத் தட்டித் தட்டி "அம்மா, இருக்கியா?" என்று கேட்கும். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

அண்டாவைத் தூக்க முடியாததால் அதன் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள். மூடி வளரவில்லை. அதில் வளைவாக அவள் பெயர் வெட்டியிருந்தது. அங்கேதான் பிசகு. அந்த ஊரில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் யாரும் கடைப்படி இறங்க மாட்டார்கள். சீர்வரிசைக் குடத்திலிருந்து தயிர்க் கிண்ணம் வரை அவள் வீட்டில் எல்லாவற்றிலும் மங்கையர்க்கரசிதான். இதிலும் ஆசை ஆசையாக வெட்டச் சொல்லியிருந்தாள். பெயர் வெட்டிய பாத்திரத்தைத் திருப்பி எடுக்கிற கடை எங்கே இருக்கிறது?

மாடிப்படி அன்றைக்குக் கொஞ்சம் நீளமாக இருந்தது. இரண்டாவது மாடியை இரண்டு தடவை தாண்டினாள். மூன்றாவது மாடியில் "பரிணாமப் பிரிவு" என்று பலகை தொங்கியது. டை கட்டிய ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். எட்வின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தான். அவளுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றிருந்தார்.

"புல்லட்டு வாங்கிட்டேன் சார். எனக்கு ஓட்டவே தெரியாது," என்றார் அவர்.

"ஆண் மயில்," என்றான் எட்வின்.

"நான் மயில் இல்ல சார். ரேஷன் கடையில இருக்கேன்."

"தோகைய மடிச்சுக்கிட்டுப் போங்க. கதவுல மாட்டிக்கும். அடுத்து?"

அந்த ஆள் தோகையை மடித்துக்கொண்டு போனார். மங்கையர்க்கரசி மூடியை மேசைமேல் வைத்தாள்.

"அண்டாவைத் திருப்பிக் குடுக்கணும் சார். எம் மக உள்ள மாட்டிக்கிட்டா."

"ஏன் வாங்குனீங்க?"

"தெரியலையே சார்."

"எங்களுக்குத் தெரியும். மினுக்குச்சு. வாங்குனீங்க. லட்சம் வருஷத்துக்கு முன்னாடி காட்டுல மினுக்குனது தண்ணி ஒண்ணுதான். மினுக்குன பக்கம் ஓடுனவங்க பொழச்சாங்க. ஓடாதவங்களுக்கு வாரிசு இல்ல. நீங்க ஓடுனவங்களோட வாரிசு."

"நான் கரண்டி வாங்க வந்தேன் சார்."

"கரண்டிக்கு வந்தது நீங்க. கை நீட்டுனது அவங்க."

"அப்ப அண்டா அவங்க வீட்லயில்ல வளரணும்?"

"அவங்களுக்கு வீடு கிடையாது மேடம்," என்ற எட்வின் மைக்கை எடுத்தான். "மங்கையர்க்கரசியின் மூதாதை எங்கிருந்தாலும் உடனடியாகப் பரிணாமப் பிரிவுக்கு வரவும்." சித்திரைத் திருவிழாவில் காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற அதே குரல்.

மூதாதை வந்தாள். நகரும் படிக்கட்டைக் கண்டு பயந்து, ஒரு விற்பனைப் பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள். குட்டையான உருவம். தலையெல்லாம் செம்புழுதி. நிர்வாகம் ஒரு சுங்குடிச் சேலையைச் சுற்றிவிட்டிருந்தது. மூக்கு மட்டும் அப்படியே மங்கையர்க்கரசியின் சின்னம்மா மூக்கு. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அதன் உதடு வெடித்திருந்தது.

"இவங்கள என்ன முறை வச்சுக் கூப்பிடுறது?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள்.

"அப்பல்லாம் முறை கிடையாது," என்றான் எட்வின்.

மூதாதை அவளைப் பார்த்தாள். "இதக் கொஞ்சம் புடி," என்று குழந்தையை நீட்டினாள். டவுன் பஸ்ஸில் நிற்கிறவள் உட்கார்ந்திருக்கிறவளிடம் பிள்ளையைக் கொடுப்பதில்லையா, அப்படி. மங்கையர்க்கரசியும் யோசிக்காமல் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இதற்கெல்லாம் யோசிக்கிற வழக்கம் உண்டா என்ன?

மூதாதை மூடியை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். ஒரு நக்கு நக்கினாள்.

"தண்ணி," என்றாள்.

"இத நீங்கதான் வாங்குனீங்களா?" என்று எட்வின் கேட்டான்.

"ஆமா."

"வேணுமா?"

"வேணும்."

"பேரு?"

மூதாதைக்குப் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் இல்லை. அவள் குழந்தையைப் பார்த்தாள். அதற்கும் இல்லை.

எட்வின் மேசையில் விரலால் தட்டினான். "இங்க பாருங்க மேடம். திருப்பி எடுக்க மாட்டோம். மாத்தித்தான் குடுப்போம். அவங்களுக்கு அண்டா வேணும், பேரு இல்ல. உங்களுக்குப் பேரு இருக்கு, அண்டா வேணாம்."

"எதையாச்சும் மாத்துங்க சார். எம்புள்ள வெளிய வந்தாப் போதும்."

"சம்மதமா?"

"சம்மதம் சாமி. சட்டுனு பண்ணுங்க."

எட்வின் மூடியை வாங்கி, அதிலிருந்த பெயரை ஒரு தரம் படித்து, மூதாதையிடமே திருப்பிக் கொடுத்து, ஒரு கைதட்டலோடு வேலையை முடித்துவிட்டான். அடுத்த கணமே போன் அடித்தது. நித்திலா.

"அம்மா! அண்டா சுருங்கிருச்சும்மா! சோத்துப் பானை மாதிரி ஆயிருச்சு. நான் வெளிய வந்துட்டேன். நீ எங்கம்மா இருக்க?"

அப்பாடா என்று மங்கையர்க்கரசிக்கு உயிர் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"இந்தா வந்துட்டேன்டா கண்ணு," என்றாள் மூதாதை. குரல் அச்சு அசல் மங்கையர்க்கரசியின் குரல். சொல்லிவிட்டுப் போனையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டாள். மூடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நகரும் படிக்கட்டில் பயமில்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

இனிமேல் நம்மாலும் இங்கே நிற்கிறவளை மங்கையர்க்கரசி என்று சொல்ல முடியாது. சொன்னால், படியிறங்கிப் போகிறவள்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆகையால் இங்கே குழந்தையோடு நிற்பவளை இவள் என்றே வைத்துக்கொள்வோம். பாவம், அதற்கும் ஒரு சொல் வேண்டுமே.

"சார், பிள்ளைய விட்டுட்டுப் போறாங்க," என்றாள் இவள்.

"அது மாத்துனதுல சேர்த்தி."

"இது யாரு பிள்ளை?"

"உங்க பாட்டிக்கெல்லாம் பாட்டி. இது பொழச்சாத்தான் உங்க வம்சம். உங்க அம்மா, நீங்க, உங்க மக, எல்லாம்."

"பொழச்சிருச்சுல்ல? அதனாலதான நாங்க இருக்கோம்?"

"அது அவங்க தூக்கிட்டு இருந்த வரைக்கும். இப்ப உங்க கையில இருக்கு," என்றான் எட்வின். "தாகத்துல இருக்கு பாருங்க. சீக்கிரம் தண்ணி குடுங்க. அடுத்து?"

இவள் அவசரமாகப் படியிறங்கினாள். வாசலுக்கு அருகில் வாடிக்கையாளர்களுக்கான குடிதண்ணீர் இருந்தது. ஓடினாள். ஒரு பெண் வரிசையாக டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரு போட்ட டம்ளர எடுத்துக்கங்கக்கா."

"பேரு இல்லம்மா."

"அப்ப டம்ளர் இல்லையே."

"கையில ஊத்து. பிள்ளைக்குத்தான்."

"கையில பேரு போட்டிருக்கா?" என்று அந்தப் பெண் நிஜமான அக்கறையோடு கேட்டாள். இவள் கையை விரித்துப் பார்த்தாள். போட்டிருக்கவில்லை.

தெருவில் வெயில் கொளுத்தியது. குழந்தை அழ ஆரம்பித்தது. இப்போது இவள் தொண்டையிலும் தாகம். சாதாரணத் தாகம் இல்லை, பல காலத்துத் தாகம். பஸ் கண்ணாடி மினுக்கினால் கால் அந்தப் பக்கம் ஓடியது. நகைக்கடை வாசல் மினுக்கினால் அங்கே ஓடியது. ஒரு கல்யாண மண்டபத்தின் ஜிகினாத் தோரணத்தை நக்கப் போய் வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினாள். ஒவ்வொன்றும் தண்ணீர் இல்லை என்று இவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கால் கேட்க வேண்டுமே.

ஒருவழியாக வீடு வந்தது. சோமசுந்தரம் கதவைத் திறந்தார்.

"யாரும்மா?"

"என்னங்க, நான்தாங்க."

"நான்தான்னா?"

"ஒங்க பொண்டாட்டிங்க!"

சோமசுந்தரம் நல்ல மனிதர். கோபிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைத் திருப்பிக் காட்டினார். "எம் பொண்டாட்டி பேரு இதாம்மா. அவ உள்ள இருக்கா."

கூடத்தில் புழுதித் தலையோடு மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் பரணிலிருந்து இறக்கி, தன்னைச் சுற்றி வாய் மேலாக அடுக்கியிருந்தாள். எல்லாம் பளபளத்தன. எல்லாம் காலி.

"பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி," என்றாள் இவள்.

"நெறைய இருக்கு. தர மாட்டேன்."

"அதெல்லாம் காலி. உள்ள பாரு."

"மினுக்குதுல்ல?"

"இது ஒம் பிள்ளை. கண்ணெடுத்துப் பாரு."

மங்கையர்க்கரசி குழந்தையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கை கொஞ்சம் நீண்டது. அப்புறம் அந்தக் கை பக்கத்திலிருந்த டிபன் பாக்ஸை எடுத்தது. "எம் புள்ள பேரு நித்திலா. இதுல போட்டிருக்கு," என்றாள்.

"நித்திலா எங்க?" என்று இவள் கத்தினாள்.

"குழாய்க்குப் போயிருக்கு. வெயில்ல நிக்காதீங்கம்மா," என்று சொல்லி சோமசுந்தரம் மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

தெருக்குழாய் முன்னால் குடங்கள் வரிசையாக நின்றன. நித்திலாவின் பச்சைக் குடம் நிரம்பியதும் குழாய் இருமிவிட்டு நின்றுபோனது. மற்ற பெண்கள் மாநகராட்சியை வாயார வாழ்த்திவிட்டுக் காலிக் குடங்களோடு கிளம்பினார்கள். நித்திலா தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இத்தனை நாளைக்குப் பிறகு இவள் மகளை முழுசாகப் பார்க்கிறாள். இளைத்திருந்தாள். இட்லியிலேயே வளர்ந்த பிள்ளை. கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. தலை தொய்ந்து தோளில் விழுந்தது. நித்திலாவின் பாதங்கள் மங்கலாகத் தெரிந்தன. நித்திலா அதைக் கவனிக்கவில்லை.

"கண்ணு, பாப்பாவுக்கு ஒரு கை தண்ணி ஊத்துடா."

"அம்மா திட்டும் ஆன்ட்டி."

"திட்டாது. நான் சொல்றேன், திட்டாது."

"வெளியாளுக்குக் குடத்தச் சாய்க்கக் கூடாதுன்னு சின்னதுலேயே சொல்லிருக்கு. அம்மா சொன்னா நான் மீற மாட்டேன்."

உண்மைதான். சொல்லி வளர்த்தது இவளேதான். சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டதும் இவள்தான்.

"ஒரே ஒரு கைடா. ஒனக்காகத்தான் கேக்கேன்."

"சாரி ஆன்ட்டி."

நித்திலா நடந்தாள். போகப் போகக் கணுக்கால் மறைந்தது. முழங்கால் மறைந்தது. பாவாடை மறைந்தது. பின்னலும் மறைந்தது. பச்சைக் குடம் மட்டும் இடுப்பு உயரத்தில், துளி சிந்தாமல், தெருக்கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வழிந்ததும் குழந்தையின் வாயைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். குழந்தை நக்கியது. உப்புக் கரித்து முகத்தைச் சுளித்தது. மறுபடியும் நக்கியது.

தெருக்கோடியில் குடம் நின்றது. குடத்துக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ரப்பர் செருப்போடு.

அதற்குள் கண் வறண்டுவிட்டது. இன்னும் அழ வேண்டும். நிறைய அழ வேண்டும். அழுவதற்கு ஏதாவது துக்கம் கிடைக்குமா என்று இவள் அவசர அவசரமாகத் தேடினாள். அம்மா செத்தது நினைவுக்கு வந்தது. முதல் கரு கலைந்தது நினைவுக்கு வந்தது. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்த சாயங்காலம் நினைவுக்கு வந்தது. எல்லாம் மங்கையர்க்கரசிக்கு நடந்தவை. இவளுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

குழந்தை கன்னத்தில் வாயை வைத்துக்கொண்டு இருந்தது. பாதங்கள் இரண்டும் அங்கேயே காத்துக்கொண்டு நின்றன.