சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வரி

போலீஸுக்குப் பயந்து, எங்கள் கவிஞர் லுகேரியாவின் கவிதைகளைப் பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்து, தாளை எரித்துவந்தவள் நான். அவற்றை அச்சிடலாம் என்று லெனின்கிராடில் அனுமதி கிடைத்த காலையில், இருவரும் மேசையைச் சுற்றி ஆடிவிட்டு எழுத உட்கார்ந்தோம். பத்தொன்பதாவது கவிதையில் ஒரு வரி நினைவுக்கு வரவேயில்லை.

"உனக்குமா மறந்துபோச்சு?" என்றார் லுகேரியா.

"எழுதினது நீங்கதானே!"

பக்கத்து அறையிலிருந்து சுவர் தட்டப்பட்டது. ஒட்டுக்கேட்டுப் போட்டுக்கொடுப்பாள் என்று நாங்கள் நடுங்கிய கபிதோலினா!

"'பனியே, என் பேரை மட்டும் மூடாதே.' இதுகூடவா ஞாபகமில்ல? எனக்கு எல்லாமே மனப்பாடம்!"

லுகேரியா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சிரிச்சது போதும். அந்த இருபதாவதைக் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அதை மட்டும் எப்பவும் முணுமுணுத்துடுறீங்க!"

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். இருபதாவது, கபிதோலினாவைத் திட்டி எழுதியது.