ஆறு நாட்டுக்குப் போன பேச்சு

பொன்முடி தேயிலை எஸ்டேட்டில் நாற்பது வருஷம் கொழுந்து மூட்டை சுமந்த பிச்சைக்கனிக்கு ஒன்று மட்டும் தீர்மானமாகத் தெரியும். காகிதம்தான் ஆளைக் கொல்லும், பேச்சு கொல்லாது. மானேஜரை லயத்து வீடுகளில் எல்லோரும் வாய் நாறத் திட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லிங்கராஜ் மட்டும் மானேஜருக்கு எதிரான மனுவில் முதல் கையெழுத்துப் போட்டான். மறுவாரம் அவன் பெட்டி படுக்கை ரோட்டில் கிடந்தது.

அதனால் எம்.பி.மார் கமிட்டி ஆபீஸ் ஓமனா நீட்டிய வாக்குமூலப் பாரத்தை அவர் கையால் தொடவில்லை.

திருவனந்தபுரத்துக் கடற்கரை ஹோட்டலில் ஆறு நாட்டு எம்.பி.மார் கூடியிருந்தார்கள். ஆள் கடத்தலைத் தடுக்க ஆறு நாடும் சேர்ந்து ஒரே மாதிரிச் சட்டம் போடப் போகிறார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாயாலேயே கேட்க வேண்டுமாம். பிச்சைக்கனியின் மகன் பிரஜின் கம்ப்யூட்டர் வேலை என்று போய் எட்டு மாசமாகிறது. ஏஜெண்ட் அவனை எல்லை தாண்டி, அந்த ஆறில் ஒரு நாட்டில் விற்றுவிட்டான். ஒரு கட்டடத்தில் பூட்டி வைத்து, போனில் ஊராரை ஏமாற்றுகிற வேலை வாங்குகிறார்கள். ஆள் சிக்காத நாளில் கரண்டு வைப்பார்கள். ஒளித்து வைத்த போனில் ஞாயிறுதோறும் ஒரு நிமிஷம் பேசுவான்.

"இந்தப் பேப்பரு அந்த நாட்டுக்கும் போவுமா மேடம்?"

"போகாம பின்னே? ஆறு நாடும் சேர்ந்நாத்தானே அண்ணாச்சி, காரியம் நடக்கும்?"

"அங்கத்த போலீஸ் ஜீப்பு அந்தக் கட்டடத்துக்குள்ளதான் நிக்கின்னு எம் மவன் சொன்னான். திருடன் கையிலேயே சாவியக் குடுக்கச் சொல்லுதியளா?"

"எழுதாம எப்படி மாமா தேடுவாவ?" என்றாள் அஜிதா, பிரஜினின் மனைவி.

"நீ சும்மா இரி பிள்ளே. எழுத்து ஒண்ணும் வேண்டாம். வாயால சொல்லுதேன்."

ஓமனா சிரித்தாள். "செரி, வாயால பறைஞ்சோளு. மைக் உண்டு."

ஹாலின் பின்பக்கம் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே காதில் கருவி மாட்டிய பெண்கள். இவர் பேசினால் அவர்கள் உதடும் அசைந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வெறும் பேச்சுதானே?

அந்த நாட்டு எம்.பி. மெலிந்த மனிதர். கண் கலங்கியிருந்தது. உங்கள் மகன் எப்படி உங்களோடு பேசுகிறான் என்று கேட்டார். எட்டு மாசத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. பிச்சைக்கனிக்கு நெஞ்சு இளகிவிட்டது. மஞ்சள் கட்டடம், மூணாவது மாடி, கக்கூஸில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போன், காவல்காரன் சாப்பிடப் போகிற நேரம், எல்லாம் கொட்டினார். ஹாலே எழுந்து கை தட்டியது.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை.

புதன்கிழமை காலையில் வந்தது. பிரஜின்தான். பாடம் ஒப்பிக்கிற குரல்.

"அப்பா, எனக்கு இங்க சுகம். யாரும் என்னைக் கடத்தல்ல."

"லேய், எங்க இருந்து பேசுத?"

எதுவோ சதையில் விழுகிற சத்தம். மூச்சு வாங்கினான்.

"தொட்டிக்குப் பின்னால போன் இருக்கின்னு... நீங்க சொன்னத வாசிச்சுக் காட்டுனாவப்பா. ஒரு வார்த்தை விடல்ல. சொன்னது பூரா பொய்யின்னு எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அது இங்க வரணும்."

போன் கட்டானது.

பிச்சைக்கனியும் அஜிதாவும் முதல் பஸ்ஸில் ஓமனாவிடம் ஓடினார்கள்.

"நான் ஒரு எழுத்தும் எழுதல்லியே மேடம்!"

ஓமனா அலமாரியைத் திறந்தாள். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தாள். "சபையில பறையுந்நது முழுவனும் எழுதி ரெக்கார்டாக்குவாங்க அண்ணாச்சி. அதான் சட்டம் உண்டாக்கறவங்க ரீதி. அந்தக் கண்ணாடிக் கூண்டுல இருந்தவங்க ஆறு பாஷையிலயும் மாத்திப் பறைஞ்சாங்க. எல்லா நாட்டுக்கும் அனுப்பியாச்சு."

அஜிதா பக்கம் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இதுதான் மாமா. மூணாவது மாடி." பிச்சைக்கனிக்கு வாசிக்கத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கண்ணு கலங்குன சாரு?"

ஓமனா போன் போட்டாள். இங்கிலீஷில் ஏதோ பேசி, மெதுவாக வைத்தாள். "திங்கள்கிழமை தொட்டு அவர் ஆபீசுக்கு வரல்லையாம். எங்கேன்னு அவங்களுக்கும் தெரியல்ல."

"பேப்பரு தாங்க. பொய்யின்னு எழுதுங்க. ஒப்புப் போடுதேன்."

"வேண்டாம் மாமா!" அஜிதா அவர் கையைப் பிடித்தாள். "பொய்யின்னு எழுதிட்டா பின்ன ஒரு நாட்டுக்காரனும் தேட மாட்டான்."

"தேடுததுக்கு அவன் உசிரோட இருக்கணும்லா பிள்ளே?"

அவள் பிடி தளர்ந்தது. ஓமனா எழுதினாள். பிச்சைக்கனி தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டார்.

"இது எப்ப அங்க போய்ச் சேரும்?"

ஓமனா காகிதத்தையே பார்த்தாள். "ரெக்கார்டு தன்னால போகும் அண்ணாச்சி. இதை அனுப்பி அதைத் திருத்தணும்னா கமிட்டி கூடி பாஸாக்கணும்."

"எப்பக் கூடும்?"

"மார்ச்சில."

இது நவம்பர். வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள். அஜிதா கையில் இருந்த போன் அடிக்கத் தொடங்கியது. அதே நம்பர். மூவரில் ஒருவரும் எடுக்கவில்லை.