ரூஃபஸின் சாவுக்கு எழுந்த கை

ரூஃபஸ் 1974ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடலில் மூழ்கினான். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவன் மனைவி டெலியா ஆட்சேபம் தெரிவித்ததால் அவன் சாவு நிறைவேறவில்லை. அடுத்த வியாழனுக்குத் தள்ளி வைத்தார்கள். அப்படியே ஒன்பது வருடம் தள்ளிப்போனது.

ஹாஸ்கெல் என்ற அந்தச் சிற்றூரில் அப்போது நாற்பது பேருக்கு உள்ளாகத்தான் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் வடகரையில், நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வரும் மண்பாதை கடலைக் கண்டு நின்றுவிடும் இடத்தில், கரை ஒதுங்கிய மரங்களைக் கொண்டு வீடுகள் கட்டிக்கொண்டு, ஆடு வளர்த்துக்கொண்டு, கீரை பயிரிட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். சிலர் சம்பளத்தை விட்டு வந்தவர்கள், சிலர் போருக்குப் போகமாட்டேன் என்று வந்தவர்கள், சிலர் அப்பா முகத்தில் இனி விழிப்பதில்லை என்று வந்தவர்கள். ஊருக்குத் தலைவர் கிடையாது. பெரும்பான்மை என்ற பேச்சே அவர்களுக்கு ஆகாது. அவர்களில் பாதிப் பேரைச் சொந்த ஊரிலிருந்து துரத்தியதே பெரும்பான்மைதான். அதனால் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் ஹாஸ்கெலில் எதுவும் நடக்கும். ஒரே ஒரு கை உயர்ந்தாலும் நடக்காது. புதிய கழிவறைக் குழியை எங்கே தோண்டுவது என்பது ஒரு குளிர்காலம் முழுக்க முடிவாகாமல் கிடந்தது. ஒப்பவும் முடியவில்லை, மறுக்கவும் மனமில்லை என்பவர்கள் “விலகி நிற்கிறேன்” என்று சொல்லலாம். அது கணக்கில் வராது. பதினைந்து வயதானவர்களுக்கு வட்டத்தில் இடம் உண்டு.

கூட்டத்தை நடத்தியவன் வெண்டெல். முன்பு ஒரு வங்கியில் வேலை பார்த்தவன். தாடி வளர்த்த பிறகும் ஒழுங்கு அவனை விட்டுப் போகவில்லை. விஷயத்தைச் சொல்வான், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பான், சுற்றிப் பார்ப்பான், இல்லையென்றால் “நடந்தது” என்பான். அவன் அப்படிச் சொல்லிவிட்டால் அந்தக் காரியம் நடந்ததாகவே எல்லோர் மனதிலும் பதிந்துவிடும், வேலி மறுவாரம்தான் போடுவார்கள் என்றாலும்.

ரூஃபஸ் கடற்பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி பறிக்கப் போனபோது அலை அடித்துக்கொண்டு போயிருந்தது. மறுநாள் அவனே கரைக்கு வந்தான், முகம் மண்ணில் புதைந்தபடி. கூட்ட வீட்டின் நீள மேஜையில் கம்பளியால் மூடிக் கிடத்தியிருந்தார்கள். வியாழன் மாலை அதே அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், வேறு அறை இல்லாததால். அன்று பேச வேண்டியவை ஆட்டுக்கொட்டகைக் கூரை, சோயா மூட்டை, அதற்கடுத்தது ரூஃபஸ். வெண்டெல் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, அழுது கண் வீங்கியிருந்தது. ரூஃபஸ் அவனுக்கு உயிர்ச் சிநேகிதன். பழக்கம் மட்டும்தான் அவனைப் பேச வைத்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

“நம்ம ரூஃபஸ் இறந்துட்டான். ஆப்பிள் மரத்துக்குப் பின்னாடி அடக்கம் பண்ணலாம்னு இருக்கோம்,” என்றான். பிறகு, “யாருக்காவது ஆட்சேபம் உண்டா?”

டெலியா கை தூக்கினாள்.

கை உயர்ந்தால் விளக்கம் கேட்பது முறை, வெண்டெல் கேட்டான். “எதுக்கு டெலியா? இடம் சரியில்லையா?”

“இடத்துக்கு இல்ல. முதல்ல சொன்னியே, அதுக்கு.”

யாரும் அவளைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் பலமுறை பேசிப் பார்த்தார்கள். ஆனால் ஹாஸ்கெலில் உயர்ந்த கையை இறக்கச் சொல்லும் வழக்கம் இல்லை. அந்த ஒன்றுக்காகத்தான் அவர்கள் அந்த ஊரையே உண்டாக்கினார்கள். “அப்போ அடுத்த வாரம் பார்க்கலாம்,” என்றான் வெண்டெல். கம்பளி அசைந்தது. ரூஃபஸ் எழுந்து உட்கார்ந்து, காதில் இருந்த மணலை விரலால் எடுத்துவிட்டு, கூட்டம் நடப்பதைக் கண்டு சத்தம் போடாமல் இறங்கி வட்டத்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் பரவியது. ரொட்டி சுடும் பேர்ல்தான் முதலில் பேசினாள். “வெண்டெல், இனிமே வானம் நீலமா இருக்கான்னுகூட எங்ககிட்டக் கேட்டுத் தொலைக்காத.” சிலர் சிரித்தார்கள். சிலர் வெளியே போய் வாந்தி எடுத்தார்கள். அதன் பிறகு ஊரில் யார் இறந்தாலும் வியாழனுக்குள் அடக்கம் செய்துவிடுவது வழக்கமானது.

அவன் உயிர் பிழைத்துவிட்டான் என்று சொல்ல முடியாது. டெலியாவும் அப்படிச் சொல்லவில்லை. மூச்சு விடமாட்டான், பேசுவதற்கு மட்டும் காற்றை இழுத்துக்கொள்வான். சாப்பாடு, தூக்கம் எதுவும் இல்லை. உடம்பிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை துணி மாற்றினாலும் அரை மணியில் நனைந்துவிடும். ஆனால் முன்பு போலவே மரவேலை செய்தான், மகள் ஜூனிபரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடு மேய்த்தான். அவளுக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் தோளில் ஏறுவதென்றால் மழைக்கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குச் சாதாரண விஷயம்.

ஒவ்வொரு வியாழனும் வெண்டெல் அதைக் கேட்டாக வேண்டியிருந்தது. முடிவாகாத விஷயத்தை யாரும் கைவிட முடியாது, கைவிடுவதற்கும் எல்லோரும் ஒப்ப வேண்டும். வெண்டெல் கேட்பான், டெலியா கை தூக்குவாள். ரூஃபஸின் முறை வரும்போது அவன், “நான் விலகி நிற்கிறேன்,” என்பான். முதல் வருடம் அதோடு ஏதாவது வேடிக்கையும் சேர்ப்பான். “உயிரோட இருந்தப்போ என் பேரை இந்த வட்டத்துல யார் எடுத்தீங்க? கூரை ஒழுகினாத்தானே கூப்பிடுவீங்க.” டெலியா அந்த ஒன்பது வருடமும் கூட்டத்தில் வேறு எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. கொட்டகை எரிந்த வருடம்கூட அவள் தன் விஷயம் வரும்வரை காத்திருந்து, கை தூக்கிவிட்டு, வீட்டுக்குப் போனாள்.

கடல் அவனைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. ஓதம் இறங்கிக் கடல்நீர் பின்வாங்கும்போதெல்லாம் ரூஃபஸ் கரைப் பக்கமாக லேசாகச் சாய்ந்து நிற்பான், காற்றில் சாய்ந்த மரம் மாதிரி. ஓதம் திரும்பும்போது நிமிர்வான். ஆனால் ஒவ்வொரு இறக்கத்திலும் அவனிடமிருந்து ஏதோ ஒன்று போனது. முதலில் பாட்டுகள் போயின. ஒருநாள் கிதாரை எடுத்து வைத்துக்கொண்டு, இதன் துளை எதற்கு என்று கேட்டான். பிறகு பிறந்த ஊர், அண்ணன் தம்பிகள், ஓட்டிய கார்கள். டெலியா அவன் துணியைப் பிழிந்த தண்ணீரைக் கரையில் கொட்டுவதை நிறுத்திவிட்டு ஜாடிகளில் நிரப்பி வைத்தாள். அவனிடமிருந்து போனது அதில் இருக்கும் என்று நம்பினாள். ஜாடியைத் திறந்து அவனுக்குக் குடிக்கக் கொடுத்தும் பார்த்தாள். வெறும் உப்புத் தண்ணீர்தான்.

நான்காவது வருடம் ஒரு தடவை அவன் கேட்டான். இருவரும் வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“டெலியா, வலிக்கல. ஆனா ரொம்ப நாளா நின்னுக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு. உட்காரலாமா?”

“உட்காரேன். யார் வேண்டாம்னா.”

“அது இல்லடி.”

“எதுன்னு எனக்குத் தெரியும். கத்தியைக் கீழ வை, தாள் எல்லாம் நனையுது.”

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதும் ஓர் இறக்கத்தில் போயிருக்கலாம்.

வெண்டெலும் ஒருமுறை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தான். முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டேன், மன்னித்துவிடு, ஆனால் நண்பனை இப்படிப் பார்க்க முடியவில்லை என்றான். “நீ கேட்டது நல்லதாப் போச்சு,” என்றாள் டெலியா. “வேற எந்த ஊர்லயும் பொண்டாட்டிகிட்ட யாரும் கேட்கமாட்டாங்க.” அவள் சொன்னதில் தவறு இல்லை என்று வெண்டெலுக்குப் பட்டது.

ஜூனிபர் வளர்ந்தாள். ரூஃபஸ் முப்பத்துநான்கிலேயே நின்றான். டெலியாவின் முடி நரைத்தது. கடற்கரையில் மூவரும் நடந்தால், வந்து போகிறவர்கள் அவனை டெலியாவின் தம்பி என்று நினைத்தார்கள். ஏழாவது வருடம் ஜூனிபரின் பெயர் அவனிடமிருந்து போனது. அவள் தினமும் காலையில், “நான் ஜூனிபர், உங்க பொண்ணு,” என்று சொல்லிவிட்டு ஆடு கறக்கப் போவாள். அவன் ஒவ்வொரு நாளும் சந்தோஷப்படுவான். அந்தச் சந்தோஷத்தைத் தினமும் பார்ப்பது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. அம்மாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள், “எனக்கு வட்டத்துல இடம் கிடைச்சதும் நான் என்ன செய்வேன்னு இப்பவே கேட்காத.” டெலியா கேட்கவில்லை. ஆனால் அந்த நாளை எண்ணிப் பயந்தாள். மகளும் கை தூக்கினால், பிறகு தான் கையை இறக்கினாலும் பயனில்லை. மகள் தூக்காமல் தன்னைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால், அது அதைவிட மோசம்.

1983ஆம் வருடம், மே மாதத்தில், ஜூனிபர் முதன்முறையாக வட்டத்தில் உட்கார்ந்தாள். பேர்ல் அவளுக்காகப் பாதாம் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். வெளியே மூடுபனி, ஓதம் நன்றாக இறங்கியிருந்த நேரம். ரூஃபஸ் கடல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், அவனுக்கு இந்தப் பக்கம் ஜூனிபர், அந்தப் பக்கம் பேர்ல். டெலியா எதிரே. வெண்டெல் வழக்கம் போலக் கேட்டான். டெலியா வழக்கம் போலக் கை தூக்கினாள்.

ரூஃபஸ் அந்தக் கையைக் கவனித்துப் பார்த்தான். பிறகு பேர்ல் பக்கம் குனிந்து கேட்டான். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் அறை சிறியது.

“அந்தம்மா யாரு? முகமே சரியில்லையே.”

பேர்ல் பாதாம் ரொட்டியை அவன் பக்கமிருந்து நகர்த்தி வைத்தாள்.

“அவங்க வீட்ல யாராவது இறந்துட்டாங்களா?”

கூரையிலிருந்து பனித் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. ரூஃபஸ் டெலியாவைப் பார்த்தே, நல்ல மனதோடு, அந்நியரிடம் பேசும் மரியாதையோடு சொன்னான்: “பாவம்ங்க. யாராவது கூடப் போய் உட்காருங்களேன்.”

டெலியா கையை இறக்கினாள். சட்டென்று இறக்கவில்லை என்று பேர்ல் சொல்வாள். முதலில் முழங்கை மடங்கியது, பிறகு கை தலைக்கு வந்து நரைத்த முடியை ஒதுக்கியது, பிறகு மடியில் விழுந்தது. வெண்டெல் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. கேட்டான். எல்லோரும் ஜூனிபரைப் பார்த்தார்கள். ஜூனிபரின் வலது கை அப்பாவின் ஈரக்கைக்குள் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இடது கையும் இருந்தது, வேண்டுமானால் அதைத் தூக்கியிருக்கலாம். அவள் அதை அம்மா இருந்த திசையில் தரைமேல் வைத்தாள், அவ்வளவுதான்.

“நடந்தது,” என்றான் வெண்டெல்.

ரூஃபஸ் எழுந்தான். பக்கத்தில் இருந்ததற்காக ஜூனிபருக்கு நன்றி சொன்னான். செருப்பைத் தேடினான், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டான். எல்லோரும் பின்னால் போனார்கள். ஈரமணல் வெகுதூரம் விரிந்து கிடந்தது. ஆப்பிள் மரத்துக்குப் பின்னால் குழி தோண்ட வேண்டியிருக்குமோ என்று யாரோ வெண்டெலிடம் கேட்டார்கள், அவன் தலையசைத்து மறுத்தான். ரூஃபஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருமுறை திரும்பிக் கரையைப் பார்த்தான், நிறைய பேர் நிற்கிறார்களே என்று வியப்பது போல. டெலியா கை அசைக்க நினைத்தாள், பிறகு உயர்த்தாமல் இருந்துவிட்டாள், தவறாக எடுத்துக்கொள்ளப்படுமோ என்று. அவன் குனிந்தான். அதற்கு மேல் அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பாதியில் கூட்டத்தைக் கலைப்பதற்கும் எல்லோரும் ஒப்ப வேண்டும், யாருக்கும் அதைக் கேட்கத் தெம்பில்லை. அடுத்த விஷயம் மண்பாதை. மழையில் கரைந்து போயிருந்தது. எங்கே வரைக்கும் கல் போடுவது என்பது பேச்சு. ஆட்டுக்கொட்டகை வரை போதும் என்றார்கள் சிலர். வெளி ஆட்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. ஜூனிபர் பேச அனுமதி கேட்டாள். வட்டத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“நெடுஞ்சாலை வரைக்கும் போடணும். மழைக்காலத்துலயும் வெளிய போக முடியணும்.”

அந்தப் பாதையில் யார் போகப் போகிறார்கள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. வெண்டெல் வட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தான், டெலியாவிடம் வந்ததும் அவன் பார்வை நின்றது. ஒன்பது வருடமாக அவள் கை உயரும் நேரம் அது. டெலியா மகளின் ஈரச் சட்டையைப் பார்த்தாள். வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை நனைந்திருந்தது.

“நெடுஞ்சாலை வரைக்கும் போடுங்க,” என்றாள். “பெரிய கல்லாப் போடுங்க. சின்னதுன்னா ஒரே மழையில அடிச்சுட்டுப் போயிடும்.”

யாரும் மறுக்கவில்லை. கல் போடும் வேலை திங்கட்கிழமை தொடங்கியது. டெலியாவும் போய்க் கூடை சுமந்தாள்.