நூற்றெண்பத்து நாலு ராத்தல்

இருளப்ப மாமா ஆவணி மாசம் கஞ்சிக்கு மாறினார். அதற்கு முன் அவர் சோறு தின்கிற அழகை ஊரே அறியும். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. வீட்டுக்கு வீடு வயிறு ஒட்டிக் கிடந்த அந்த வருஷத்திலும் அவர் ஒருவருக்குத்தான் தொப்பை தள்ளி வேட்டி முடிச்சு நிற்காது. என் புருஷனுக்குச் சித்தப்பா முறை. கருப்பசாமிக்கு ஆடுகிறவர் என்பதால் சாமிக்குப் படைத்ததெல்லாம் அவரிடம்தான் போகும். அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த உடம்பு என் புருஷன் உயிரைக் குடித்தது என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மாசிக் களரித் திருவிழாவில் சாமியாடி அருவாள் ஏற வேண்டும். ஆள் நீள அருவாள், இரண்டு முனையிலும் கைப்பிடி. வாய்ப்பக்கம் மேலே பார்க்க இரண்டு பேர் அதைத் தோளில் தாங்கி நிற்பார்கள். சாமியாடி வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்று குறி சொல்லுவார். வலப்பக்கம் ஊர்த்தலைவர் அம்பலம் வீட்டு ஆள், இடப்பக்கம் எங்கள் வீட்டு ஆள். போன மாசியில் இடப்பக்கம் நின்றது என் புருஷன் மாரிச்சாமி. மாமா ஏறினதும் என் புருஷன் முழங்கால் மடங்கியது. அருவாள் புரண்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. புண் சீழ் வைத்துப் பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார். சாமிக்குப் போன உடம்பு, அழக்கூடாது என்றார்கள். நான் அழுதேன். சொன்னவர்களை வைதுகொண்டே அழுதேன்.

இனி இடப்பக்கம் யார்? என் கொழுந்தன் ஆண்டிச்சாமிதான். எங்கள் வீட்டில் வேறு ஆம்பளை இல்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவனுக்கு ஏழு வயசு. மூக்கு ஒழுக நின்ற பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவள் நான். இப்போது இருபது வயசு. ஒல்லி உடம்பு, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். ஊர்க்கூட்டம் போட்டபோது நானும் போனேன். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவனை ஒரு முறை முறைத்துவிட்டுச் சொன்னேன்:

"அருவா ஏறுறத இந்த வருசம் நிப்பாட்டுங்க. இல்லாட்டி வேற ஆள ஏத்துங்க."

அம்பலம் தலையைச் சொறிந்தார். "ஏறாம விட்டா மழை எப்பிடி வரும் தாயி? சாமி எறங்குற ஒடம்பு அவுக ஒடம்பு. அத நாம மாத்த முடியுமா?"

அப்போது மாமா எழுந்தார். மாரிச்சாமி போனதிலிருந்து அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. தூங்கிப் பல நாள் ஆன முகமாக இருந்தது.

"பத்து வருசத்துக்கு முன்னால எடைக்கு எடை உப்பு நேந்து குடுத்தேன். அன்னைக்கு நூத்தி எழுவது ராத்தல் இருந்தேன். அப்ப அருவா ஏறுனா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த எடைக்கு வாரேன்."

"வராட்டி?" என்றேன்.

அதற்கு அம்பலம்தான் பதில் சொன்னார். "வராட்டியும் ஏறித்தான ஆகணும்."

பந்தல்குடி மிளகாய் மண்டித் தராசில் அவரை நிறுத்தார்கள். ஒரு தட்டில் மாமா சம்மணம் போட்டு உட்கார, மறு தட்டில் எடைக்கல்லாக ஏற்றினார்கள். இருநூற்றுப் பத்து. மிளகாய் நெடியில் அவர் தும்ம, தட்டு ஆட, சிரிக்கக் கூடாத இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. விடிந்ததும் பந்தல்குடி வரை நடந்து திரும்புவார். வந்து கிணற்றில் தண்ணீர் இறைப்பார். உச்சிக்கு ஒரு கலயம் கம்பங்கஞ்சி, பொழுது அடைய ஒரு செம்பு கொள்ளுத் தண்ணீர். வேறு எதுவும் கிடையாது. ஐப்பசி பிறக்கும்போது நூற்றெண்பத்து நாலு ராத்தலுக்கு வந்துவிட்டார். "இன்னும் பதினாலுதான் மதினி, மார்கழிக்குள்ள முடிஞ்சிரும்" என்று ஆண்டி என்னிடம் விரல் விட்டு எண்ணினான்.

முடியவில்லை. கார்த்திகை முழுக்க நூற்றெண்பத்து நாலு. மாமா கஞ்சியைப் பாதியாக்கினார். திருச்சுழி வரை ஓட்டமும் நடையுமாகப் போய்வந்தார். அப்போதும் நூற்றெண்பத்து நாலு. தராசில்தான் கோளாறு என்று அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போய்ப் பஞ்சு நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் அதே. கண் குழி விழுந்துவிட்டது, நடந்தால் மூச்சு வாங்கியது, எடை மட்டும் இறங்க மாட்டேன் என்றது.

"எம்மேல யாரோ ஒக்காந்திருக்காக" என்றார் மாமா. யார் என்று ஊருக்குத் தெரியும். எல்லோரையும் விட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். உச்சிப் பூசையை முடித்துவிட்டுக் கோயிலிலிருந்து வந்த மாமா எங்கள் வாசலில் நின்றார். உடம்பு நடுங்கியது. கருப்பன் இறங்கும்போது போடுகிற அதட்டல் இல்லை. இடது கையைக் கதவு நிலையில் ஊன்றி, தலை குனிந்து உள்ளே வந்தார். அப்படி வருகிறவர் ஒருவர்தான். என் புருஷன் நெட்டை, நிலை தலையில் இடிக்கும். மாமா குட்டை, அவர் குனிய வேண்டியதே இல்லை.

"தாயி, பசிக்குது" என்றார். அது என் புருஷன் குரல். அழகு என்ற பேரை விட்டுவிட்டு அவர் என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்.

இருந்த கம்பஞ்சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் இலையில் வைத்தேன். ஒரு முழங்காலைக் குத்தவைத்து உட்கார்ந்து தின்றார். முதல் கவளத்திலேயே "உப்புக் காணல" என்றார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அதைச் சொல்லாமல் அவர் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. தின்று முடித்ததும் மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இங்க எப்ப ஆத்தா வந்தேன்?" என்று கேட்டார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சாமி சாப்பிட்டதை எங்கள் ஊரில் சாமியாடி சாப்பிட்டதாகச் சொல்ல மாட்டோம். கருப்பனுக்கு ஒரு குலை பழம் போனால் அது கருப்பன் தின்றது. அதே போல என் வீட்டுச் சோறு மாரிச்சாமி தின்றது. மாமா அன்றைக்கும் வீட்டுக்குப் போய்த் தன் பங்குக் கஞ்சியைக் குடித்தார். யாருக்கும் அதில் எந்த வித்தியாசமும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அடுத்த வெள்ளிக்கு ரேஷன் அரிசியை எடுத்து வைத்தேன். அதிலிருந்து நானும் ஆண்டியும் அரிசிச் சோற்றைப் பார்க்கவில்லை. கோழி, உளுந்து வடை, கண்மாய்ச் சகதியில் பிடித்த அயிரை, கேட்டதெல்லாம் செய்து போட்டேன். கார்த்திகையில் செவ்வாய்க்கிழமையும் வந்தார். மார்கழியில் ஞாயிற்றுக்கிழமையும் நானே இலையை விரித்து வைத்தேன்; வந்தார். பொய் சொல்லக் கூடாது, தெருமுனையில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டால் எனக்குப் புதுப்பெண் போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். கொன்றவர் உடம்பில் ஏறி வருகிறாரே என்பது உறுத்தவே இல்லை. குரல் போதும் என்று இருந்தது.

தை மாசம் நடுவில் பிச்சையம்மாள் அத்தை வந்தாள். மாமாவின் சம்சாரம். வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

"அரைக் கலயம் கஞ்சி குடிக்கிற மனுசன் ஏப்பம் விட்டா மீன் வாடை அடிக்குது, அழகு. நேத்து வாந்தி எடுத்தாக. அம்புட்டும் அயிரை முள்ளு. எங்க அடுப்புல மீனு வெந்து மூணு மாசமாச்சு. ஒம் புருசன் அவுக வயித்துக்குள்ளயே குடியிருக்கான். பூசாரிய வச்சு ஓட்டணும்டி."

அத்தை போன பிறகு நான் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது முந்தின நாள் என் சட்டியில் வெந்த அயிரை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு பானைச் சோறு. தின்றது யாராக இருந்தாலும் போனது ஒரே வயிற்றுக்குள். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். பூசாரி எதற்கு? நான் அகப்பையைக் கீழே வைத்தால் போதும்.

உடனே வைத்தேனா என்றால் இல்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று இரண்டு வாரத்தை ஓட்டினேன். தெரிந்தே போட்டேன். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. களரிக்கு மூன்று வாரம் இருந்தது. களத்தில் ஆண்டி உலக்கையைத் தோளில் வைத்து, அதில் மண் சாக்கைத் தொங்கவிட்டு நின்று பழகிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான்.

"நிப்பேன் மதினி. பயப்படாதீக."

அவன் முழங்கால் நடுங்கியதை நான் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை அடுப்பு மூட்டவில்லை.

உச்சிக்கு வந்தார். நிலையைப் பிடித்துக் குனிந்து வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வெறும் தரையைப் பார்த்தார்.

"இலை போடலயா தாயி?"

"இல்ல."

"கஞ்சியாச்சும் ஊத்து. வயிறு காந்துது."

"ஒங்களுக்கு வயிறு ஏதுங்க?" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

"எம்மேல கோவமா?"

"கோவந்தான். என்னை விட்டுட்டுச் செத்துப் போனீகள்ல, அந்தக் கோவம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க திங்கிற ஒவ்வொரு கவளமும் ஒங்க தம்பி தோள்ல ஏறுது. அவனையும் ஒங்க பின்னால அனுப்பணுமா? இனிமே வராதீக."

இலை போடுகிற இடத்தைக் கையால் தடவினார். பிறகு, "அவன் சாப்புட்டானா?" என்று கேட்டார்.

"கஞ்சிதான் குடிக்கான். நாலு மாசமா அரிசியெல்லாம் ஒங்களுக்குத்தான் பொங்குனேன்."

"நாலு மாசமாவா?" திகைத்துப் போய்ப் பார்த்தார். "எனக்குத் தெரியலயே தாயி. ஒவ்வொரு தடவையும் அன்னைக்குத்தான் மொதமொதல்ல பசிக்கிற மாதிரி இருக்கு."

தண்ணீர் கேட்டார். தண்ணீரால் எடை ஏறுமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்படியும் யோசித்தேன் நான். பிறகு செம்பை நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பை என் கையில் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த கை மாமாவின் கையாகிவிட்டது. "பசி காதை அடைக்குதே ஆத்தா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை இலை விரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கதவை அடைத்துவிட்டு உள்ளே இருந்தேன். வெளியே "தாயி" என்று இரண்டு தடவை கேட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அடுத்த வெள்ளி ஒரே ஒரு தடவை கேட்டது, அதுவும் மெதுவாக. அதற்கடுத்த வெள்ளி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா எங்கள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்து தெருவில் வந்து நின்றேன். ஒருவருமில்லை.

எடை நூற்றெண்பதானது, நூற்றெழுபத்தாறானது. களரிக்கு முந்தின நாள் நூற்றெழுபத்தொன்றில் நின்றது. போதும் என்றார் அம்பலம். ஆண்கள் கொள்ளுத் தண்ணீரைப் புகழ்ந்தார்கள். அத்தை பூசாரியைப் புகழ்ந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

களரி அன்று உச்சிப்பொழுதில் மாமா அருவாள் ஏறினார். உருமி அடித்தது, குலவை போட்டார்கள். நான் ஆண்டியின் முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மடங்கவில்லை. மழை உண்டு, வெள்ளாமை உண்டு என்று குறி சொல்லிவிட்டு மாமா இறங்கினார். ஆண்டியின் தோளில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஓடிப்போய் அவனைப் பிடித்து அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தேன். கருப்பா, கருப்பா என்று கத்தினேன். எனக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அரிசிச் சோறு, களரி ஆட்டுக்கறி. ஆண்டி உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றான். நாலு மாசம் கஞ்சி குடித்த பிள்ளை. "இன்னும் கொஞ்சம் போடுங்க மதினி" என்றான். போட்டேன். குழம்பு கேட்டான். ஊற்றினேன். நான் வளர்த்தவன், சாவுக்குக் கழுத்தைக் கொடுத்துவிட்டு மீண்டு வந்தவன், அவன் வாயைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இவனுக்கு இந்தச் சோறு எப்படி இறங்குகிறது என்று இருந்தது.

"நீங்க சாப்புடலயா மதினி?"

"பசிக்கல. நீ தின்னு."

போன மாசியில் என் புருஷன் செத்தபோது ஊரே வந்து துக்கம் கேட்டது. இந்த மாசியில் அவரை நானே பட்டினி போட்டு அனுப்பிவைத்தேன். அதற்கு ஒருவரும் வரவில்லை. ஆண்டி இன்னொரு கை சோறு கேட்டு இலையை நகர்த்தினான். பானையைச் சாய்த்து, அடியில் இருந்ததையும் வழித்து அவனுக்கே போட்டேன்.