குழாய்க்காரர் ஏன் வரவில்லை

ஆலய அலுவலகத்தில் நடந்த கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மேசையின் தலைமாட்டில் போதகர்; கதவை ஒட்டி, எந்நேரமும் கடைக்கு ஓட வசதியாக, பொருளாளரான மருந்துக்கடைக்காரர்; ஜன்னலோரம் பாடகர் குழுத் தலைவி; கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், தலைவியின் கணவரும் சபைச் செயலாளருமானவர். தொட்டிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததால் அந்த இடத்துக்கு வேறு யாரும் போட்டிக்கு வருவதில்லை. வராதவர்: அந்தக் குழாயைச் சரிசெய்ய வேண்டியவர்.

பேச்சே அவரைப் பற்றித்தான்.

வருட முடிவுக்குள் புதிதாக ஒரு குடும்பமாவது சேராவிட்டால், இந்தச் சபையை ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய சபையோடு இணைத்துவிடுவோம் என்று பேராயர் அலுவலகத்திலிருந்து எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து செயலாளரின் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. "அங்க பாடுறதெல்லாம் சின்னப் புள்ளைங்க. என்னை வாசல்ல நின்னு நோட்டீஸ் குடுக்கச் சொல்லிடுவாங்க" என்று புலம்பித் தீர்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஆலயத்தில் பாடி வருபவள். ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டு பாடாமல் இருந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாட்டைச் செயலாளர் மறக்கவில்லை. அவருக்கும் தூக்கம் போயிற்று.

"ஒழுங்கா வந்துட்டிருந்த குடும்பம். திடீர்னு ஏன் கம்பி நீட்டிட்டாங்க?" என்றார் போதகர்.

"நாம என்ன குறை வச்சோம்? வந்த அன்னைக்கே கையைக் குலுக்கி, என்ன வேலை பாக்குறீங்கன்னு வாய் நிறைய விசாரிச்சோம்" என்றார் பொருளாளர்.

"விசாரிச்ச கையோட கழிவறைக்குக் கூட்டிட்டுப் போனீங்க" என்றாள் செயலாளரின் மனைவி.

"அது உரிமைம்மா. வேத்தாளா நெனச்சா கேப்போமா?"

"உங்க கடை மொட்டைமாடித் தொட்டி அடைச்சுக்கிச்சே, அதுவும் உரிமைதானா?"

பொருளாளர் கதவைப் பார்த்தார்.

குழாய்க்காரருக்கு முன்னால் ஒரு நர்ஸம்மா வந்துகொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் வரிசையாக நீட்டப்பட்ட கைகளில் ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்து ஓய்ந்து, வெளியூருக்கு மாற்றலாகிவிட்டது என்று சொல்லி விடைபெற்றார். கண்ணீரோடு ஜெபம் செய்து அனுப்பிவைத்தார்கள். அடுத்த வாரமே பொருளாளரின் கடையில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு நின்றார்.

"நம்ம வரவேற்பு பத்தலை" என்று போதகர் முடிவுக்கு வந்தார். "வாசல்ல பெருசா ஒரு பதாகை வைக்கணும்."

"யாரு எழுதுறது?"

"புதுசா வர்றவங்கள்ல ஒரு பெயின்டர் இருக்காமலா போயிடுவாரு?"

செயலாளரின் தோளில் குழாயிலிருந்து ஒரு சொட்டு தெறித்து விழுந்தது. குழாய்க்காரரை நேரில் பார்த்துப் பேசும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது.

சனிக்கிழமை மாலை செயலாளர் போனபோது, குழாய்க்காரர் தன் வீட்டு வாசலில் நகக்கண்ணில் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். செயலாளரைக் கண்டதும் அவர் கண்கள் தாமாகவே கருவிப் பையைத் தேடின.

"வேலையா வரலை தம்பி" என்று அவசரமாகச் சொன்னார் செயலாளர். "எங்க மேல ஏதாச்சும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்கய்யா. வாரம் பூரா குனிஞ்சே கெடக்குறேன். ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு மட்டும் குனியலாம்னு ஆசைப்பட்டேன். உங்க சபையில கண்ணை மூடினாலே யாராச்சும் தோளைத் தட்டுறாங்க. ஆசீர்வாதம் பண்றாங்களாக்கும்னு திரும்பினா, ஃப்ளஷ்ல தண்ணி வரலைங்கிறாங்க."

தோளைத் தட்டிய விரல்களில் தன்னுடையதும் உண்டு என்பது செயலாளருக்கு நன்றாக நினைவிருந்தது. "இப்ப எங்க போறீங்க?"

"பெரிய சபைக்கு." குழாய்க்காரர் குரலைத் தாழ்த்தினார். "அங்கயும் என்ன வேலைன்னு கேட்டாங்க. பயத்துல, வேலையே இல்லைன்னு சொல்லிட்டேன்."

"சொல்லி?"

"வாரா வாரம் மேடைக்குக் கூப்பிட்டு, எனக்கு வேலை கெடைக்கணும்னு சபையே எழுந்து நின்னு ஜெபம் பண்ணுது."

"போன வாரம் ஒருத்தர் மளிகைப் பையைக் கையில திணிச்சுட்டுப் போனாருங்க" என்று உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இப்ப வேலைக்குப் போற வழியில அந்தச் சபைக்காரங்களைப் பாத்துட்டா, சந்துக்குள்ள பூந்துக்கிறாரு."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்த செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை ஆலய அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினார்: 'அன்புள்ள சகோதரருக்கு, எங்கள் குழாய் இப்போது ஒழுகவில்லை. கழிவறையும் நலம். இங்கே உங்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. குடும்பத்தோடு வந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமென அன்புடன் அழைக்கிறோம்.'

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் வந்திருந்தது. பக்கத்தில் குழாய் மட்டும் அதை ஒப்புக்கொள்ளாமல் சொட்டியது.

கடைத்தெருவிலிருந்து வேறொரு குழாய்க்காரரை, இந்தச் சபையின் வாடையே படாத ஆளாகப் பார்த்துக் கூட்டிவந்து, கூலியைத் தன் பையிலிருந்து கொடுத்தார். சபைக்காகக் கூலி கொடுத்துச் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். வேலை முடிந்து அந்த ஆள் கிளம்பும் நேரம் பார்த்து, போதகர் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி! நீங்க எந்தச் சபை? கரன்ட் வேலையும் தெரியுமா?"

"அவருக்கு அவசரம் பாஸ்டர்" என்று செயலாளர் அந்த ஆளைக் கருவிப் பையோடு சேர்த்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவந்தார்.

திரும்பி வந்தபோது போதகர் கடிதத்தில் கையெழுத்திட்டு, அதன் கீழே 'பின்குறிப்பு' என்று எழுதி முக்காற்புள்ளியும் வைத்திருந்தார். நல்லவேளையாக அவருடைய போன் அடித்தது. அவர் வெளியே போனதும் செயலாளர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, தாளைப் பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த மனைவியிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். பேனாவைத் திறந்தாள்.

"அந்தத் தம்பிக்கு நல்ல கட்டைக் குரல் தெரியுமா? பாட்டு நடக்குறப்ப பின்வரிசையிலேருந்து கேட்டிருக்கேன். நம்ம குழுவுல கட்டைக் குரலே இல்ல. ஒரே ஒரு வரிதாங்க..."

செயலாளர் குழாயைப் பார்த்தார். அது ஒரு சொட்டும் விடவில்லை.

அவள் பேனாவை மூடினாள். தாளை அவளே மடித்து உறைக்குள் போட்டு, பசை தடவி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"முதல்ல வந்து உக்காரட்டும். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

"நிஜமாவா?"

"அவராத் தொண்டையைச் செருமினா, அது வேற விஷயம்."

செயலாளர் தபால்தலையை ஒட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். தபால்பெட்டிக்கு முன்னால் நின்றபோது பின்னாலிருந்து போதகரின் குரல் கேட்டது.

"செயலாளரே! கொஞ்சம் நில்லுங்க! ஒரு வரி விட்டுப்போச்சு!"

அவர் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் திரும்பினார்.